வலி என்றால் வலிதான்

அத்தியாயம் 17

ஒரு பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்ததற்கு இத்தனை ரகளை ஆகும் என்று பத்மப்ரியா நினைக்கவே இல்லை.

இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கப் போன இடம். ஐந்தாம் வகுப்பு மாரிச்செல்வியின் கண்ணில் மஞ்சள். மாத்திரையை அப்படியே மூடி வைத்துவிட்டு, பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் மறுவேலை பார்த்தாள். அவள் ஆரோக்கிய நிலையத்து நர்ஸ். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் அவள் பொறுப்பு. செய்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அவளுடைய நாத்தனார் சீதாலக்ஷ்மி. "என்னண்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யப்படாதா?" என்று அக்கா போனில் கேட்ட இடத்தில்தான் போன வாரம் நின்றோம்.

இன்றைக்கு விஷயம் இன்னும் முற்றியிருக்கிறது. பள்ளி ஆரோக்கியத் திட்டக் கூட்டம் இன்று மத்தியானம். அடுத்த வருஷம் எந்தப் பள்ளிக்கு என்ன செய்வது என்று அங்கேதான் முடிவாகும். முடிவுக்கு ஆதாரம், மாதாமாதம் பள்ளிகள் அனுப்பும் ரிப்போர்ட். போதாததற்கு அதே மேடையில் சீதாலக்ஷ்மிக்கு 'சிறந்த ஆரோக்கியப் பள்ளி' என்று ஒரு பாராட்டு, ஒரு பொன்னாடை. வருகிற மே மாதம் ஓய்வு பெறப் போகிறவள். இதற்காகப் பட்டுப்புடவைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்திருக்கிறாளாம்.

மலையாளச் சீமையில், ஸ்ரீவராகம் அக்ரஹாரத்து வீட்டில் காலைக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் மஹேஷ் தம்ளரைத் தொடவில்லை.

"ப்ரியா, இன்னைக்கு மீட்டிங்ல நீ ஒண்ணும் பேச வேண்டாம், கேட்டியா."

"ஏன்னா, நான் என்ன பேசப் போறேன்?"

"அந்த மஞ்சக்காமாலைக் கொழந்தையைப் பத்தித்தான். ஒரு கொழந்தைக்கு வந்தா அது எங்கேருந்து வேணும்னாலும் வந்திருக்கும். ரோட்டோரத் தட்டுக்கடையில எதையாவது தின்னிருக்கும். அக்காவோட ஸ்கூல் பேர் இதுல அடிபடப்படாது."

"ஒரு கொழந்தைக்கு மட்டும்தான்னா நானும் வாயைத் திறக்க மாட்டேன்."

"பின்னே? உனக்கென்ன சந்தேகம்?"

அவளுக்கு அப்போது சந்தேகம் எதுவும் இல்லை. மனசுக்குள் ஒரு முள் மட்டும் இருந்தது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? மஹேஷ் கணக்குப் பார்ப்பது நாகேஸ்வரனின் கம்பெனியில். நாகேஸ்வரன் ஃப்ளாட் கட்டி விற்கிறவர். அக்காவின் பள்ளிக்கு மேனேஜரும் அவரேதான். பள்ளியின் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்புறம் அவருடைய புதுக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அக்காவின் பேரோடு வேறு யார் பேரெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா பேரைச் சொன்னால் மஹேஷுக்குக் கண் கலங்கும். அம்மா போனபோது அவன் ஒன்பதாம் கிளாஸ். டிபன் கட்டிக் கொடுத்து, காலேஜில் சேர்த்து, பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தது வரை அக்காதான். தனக்கென்று ஒரு கல்யாணத்தை அவள் யோசிக்கவே இல்லை. பத்மப்ரியாவுக்கும் அவள் செய்தது கொஞ்சமில்லை. 'அக்ரஹாரத்து நாட்டுப்பொண் பையைத் தூக்கிண்டு காலனி காலனியா ஊசி போடப் போறாளே' என்று தெரு முணுமுணுத்த நாளில், "உங்காத்து மாமாவுக்கு பிரஷர் பார்க்க மட்டும் அவ வேணுமா?" என்று ஒரே கேள்வியில் அத்தனை வாயையும் அடைத்தவள் சீதாலக்ஷ்மி. அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆயுசு முழுக்க அவள் காலில் விழலாம் என்று பத்மப்ரியா நினைத்ததுண்டு.

உள்ளேயிருந்து மகள் ஜானவி, சாக்ஸ் எங்கே என்று மலையாளத்தில் கேட்டாள். ஏழாம் வகுப்பு. அத்தையின் பள்ளியில்தான் படிக்கிறாள். வீட்டிலும் பாதிப் பேச்சு மலையாளம்.

"சாக்ஸ் கொடியில இருக்கு" என்று பதில் சொல்லிவிட்டு, பத்மப்ரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆறிய காப்பியை யார் சூடு பண்ணுவது என்று இன்றைக்கு அவள் கவலைப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் மாரிச்செல்வி சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். கட்டிலோரமாக அவள் அம்மா உலகம்மாள். தென்காசிப் பக்கத்துக்காரி, நாகேஸ்வரனின் அந்தப் புதுக் கட்டிடத்தில்தான் ஜல்லி சுமக்கிறாள். கட்டிடத்தை ஒட்டிப் போட்டிருக்கும் தகர ஷெட்டில் குடியிருப்பு. பிள்ளைக்காக மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை.

"நர்சம்மா, டாக்டரு கொறஞ்சிரும்னு சொல்லிட்டாவ. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல."

"என்னம்மா?"

"இவ நெஞ்சாங்குழி வலிக்கி, நெஞ்சாங்குழி வலிக்கின்னு ஒரு வாரமா டீச்சர்ட்ட அழுதிருக்கா. அவுக என்னடான்னா பொகை பிடிக்க அனுப்பி வச்சிருக்காவ."

"என்ன பொகை?"

"மூக்குல ஒரு மூடிய மாட்டி, மெசினப் போட்டு விடுவாவள்லா, அது. அது இழுப்பு உள்ளவுகளுக்குல்லா வைப்பாவ? எம்புள்ளைக்கு ஏது இழுப்பு? வயித்துல வலின்னா மூக்குல பொகையா?"

பத்மப்ரியா கட்டிலை நெருங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்க ஷெட்டுல வேற கொழந்தைகளுக்கும் இப்படி இருக்கா?"

"நாலஞ்சு பேருக்கு இதே கததான். சோறு எறங்கல, நெஞ்சாங்குழி வலி. எல்லாத்துக்கும் பொகை. வேலைக்குப் போற அவசரத்துல யாரு போயிக் கேக்கா? டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்."

பத்மப்ரியா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. விஷயம் அவ்வளவு சின்னது. தமிழில் வலி என்றால் வலி. மலையாளத்தில் அதற்கு வேதனை என்று பெயர். வலி, வலிவு என்று அங்கே சொன்னால் மூச்சு இழுப்பு. நெஞ்சாங்குழியில் வலிக்கிறது என்று ஒரு தமிழ்ப் பிள்ளை சொன்னால், மலையாளக் காதுக்கு அது நெஞ்சில் இழுப்பு. ரிப்போர்ட்டில் வயிற்றுக்கு ஒரு கட்டம், இழுப்புக்கு ஒரு கட்டம். பிள்ளைகள் அழுததெல்லாம் தப்பான கட்டத்தில் போய் விழுந்திருக்கிறது.

"உலகம்மா, நீ சொன்னது பெரிய உபகாரம்."

"உபகாரம் கெடக்கட்டும் நர்சம்மா. மத்த புள்ளையளப் பாருங்க."

அங்கிருந்து பள்ளிக்கு ஆட்டோ. ஐந்தாம் வகுப்பு சிஜி டீச்சர், பாவம், நல்ல பெண். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். தமிழ் சுத்தமாகத் தெரியாது, ஆனால் பிள்ளைகள் மேல் உயிர்.

"டீச்சர், ரெண்டு நிமிஷம் கிளாஸை எனக்குக் குடுங்கோ."

சிஜி ஒதுங்கி நின்றாள். பத்மப்ரியா தென்காசித் தமிழுக்கு மாறினாள். ஆறு வருஷமாக ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கியவளுக்கு அது வராமல் போகுமா?

"யாருக்கெல்லாம் வலிக்கி? வலிக்கிற எடத்துல கைய வைங்க பாப்போம்."

பின் பெஞ்சுகளில் தமிழ்ப் பிள்ளைகள் பதினோரு பேர். ஒவ்வொரு கையாக எழுந்தது. ஒரு கைகூட மூக்குக்கோ தொண்டைக்கோ போகவில்லை. அத்தனையும் விலாவுக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே, ஒரே இடத்தில் போய் நின்றன.

பத்மப்ரியா ஒவ்வொருவர் இமையாக இழுத்துப் பார்த்தாள். ஆறு பேருக்கு மஞ்சள். மலையாளப் பிள்ளைகள் பக்கமும் போனாள். அங்கேயும் இரண்டு பேர். வயிற்று வேதனை என்று சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், சரியான கட்டத்தில் விழுந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டே பேர் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிஜிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எண்டெ சிஸ்டரே, வலின்னு பறஞ்சா வலிவு இல்லையா?" என்று பாதித் தமிழில் கேட்டாள். "நான் எல்லாரையும் இங்கே சிக் ரூமுக்கு நெபுலைஸ் பண்ண அனுப்பிச்சேனே."

"இனிமே அனுப்பாதீங்கோ. பிள்ளைகள் எந்த வெள்ளம், எந்தத் தண்ணி குடிக்கறா?"

"டாங்க் வெள்ளம். கிணத்துலேர்ந்து ஏத்தறது."

கிணறு காம்பவுண்டுச் சுவரோரம். சுவருக்கு அந்தப்புறம் தகர ஷெட். நூறு பேர் குடியிருக்கும் ஷெட்டின் கழிவு எங்கே போகிறது என்று கேட்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

"ரிப்போர்ட்டை யார் பார்த்தா?"

"ஹெச்.எம். பார்த்து ஒப்பு போட்டாங்க, கையெழுத்து."

இந்த இடத்தில்தான் பத்மப்ரியாவுக்கு மனசு இடறியது. சிஜிக்குத் தமிழ் தெரியாது, மன்னித்துவிடலாம். அக்காவுக்குமா? தினம் தினம் 'தலை வலிக்கறது, ஒரு காப்பி போடேன்' என்று சொல்கிறவள். ஆனால் உடனே அவளே சமாதானமும் தேடிக்கொண்டாள். பள்ளி நாற்காலியில் உட்கார்ந்தால் அக்காவுக்கு மூளையே மலையாளத்தில்தான் ஓடும். ஆயிரம் காகிதத்துக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பாள். நம்மவர்கள் மேல் குற்றம் சொல்ல வரும்போது எத்தனை வக்காலத்து வந்துவிடுகிறது பாருங்கள்.

கூட்டத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பொன்னாடை போர்த்தி முடிந்திருந்தது. மேடையில் அக்கா, அரக்குப் பட்டில். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் பத்மப்ரியாவுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. பக்கத்தில் மேனேஜர் நாகேஸ்வரன். நடுவில் ஆரோக்கிய நிலையத்து டாக்டர் ஸ்ரீலட்சுமி.

திட்டத்தை ஓர் அதிகாரி படித்துக்கொண்டிருந்தார். சீதாலக்ஷ்மி டீச்சரின் பள்ளியில் மூச்சு இழுப்பு திடீரென்று மும்மடங்காகியிருக்கிறது. காரணம், பக்கத்துக் கட்டிடத்துத் தூசியாக இருக்கலாம். ஆகையால் அடுத்த வருஷத் திட்டத்தில் அந்தப் பள்ளிக்கு மூன்று நெபுலைசர், ஜன்னல்களுக்கு வலை, வாரம் ஒரு நாள் மூச்சுப் பயிற்சி.

நாகேஸ்வரன் எழுந்தார். தூசி தன் கட்டிடத்திலிருந்து வருவதால் நெபுலைசர்கள் தன் உபயம் என்று பெருந்தன்மையோடு அறிவித்தார். கைதட்டல். ஆகா, எவ்வளவு நல்ல மனுஷர். குடிக்கிற தண்ணீரில் வருகிற நோய்க்கு மூக்கு வழியாக மருந்து.

பத்மப்ரியா எழுந்து நின்றாள்.

"டாக்டர், அந்தத் திட்டத்தைப் பாஸ் பண்ணாதீங்கோ. அது இழுப்பு இல்லை."

சபை திரும்பிப் பார்த்தது. அவள் மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைகள் சொன்ன வார்த்தை எது, எழுதப்பட்டது எது, அந்தக் கைகள் எங்கே போய் நின்றன, எத்தனை கண்களில் மஞ்சள், கிணறு எங்கே, ஷெட் எங்கே. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நாகேஸ்வரன் சிரித்தார். "ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய திட்டத்தை நிறுத்தச் சொல்கிறாரா சிஸ்டர்? திட்டம் அச்சுக்கே போய்விட்டது."

"அச்சுல இருக்கறதைக் கொழந்தைகள் குடிக்கலை சார். டாங்க்ல இருக்கறதைத்தான் குடிக்கறா."

பின்வரிசையில் யாரோ சிரித்து, சட்டென்று இருமலாக்கிக்கொண்டார்கள்.

டாக்டர் ஸ்ரீலட்சுமி அக்காவின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

சீதாலக்ஷ்மி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாள். பத்மப்ரியாவை அவள் பார்க்கவே இல்லை. நிதானமான மலையாளத்தில் பதில் வந்தது. "பத்மப்ரியா என் தம்பியின் மனைவி. எங்கள் வீட்டுக்குள் சில மனஸ்தாபங்கள் உண்டு. அதை இங்கே கொண்டுவந்துவிட்டாள். சபை மன்னிக்கணும்."

அடி விழுந்த மாதிரிதான் இருந்தது. பதினாலு வருஷத்தில் இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு மனஸ்தாபம் கிடையாது. இல்லாத சண்டையை ஊர் நடுவில் வைத்துக் கற்பித்துவிட்டாள் அக்கா.

பத்மப்ரியாவுக்குக் கண் நிறைந்தது. நிறையட்டும். குரல் மட்டும் பிசகவில்லை.

"டாக்டர், இந்த ஹாலுக்குள்ள எனக்கு நாத்தனார் யாரும் இல்லை. ஹெச்.எம். இருக்கார், மேனேஜர் இருக்கார், நான் நர்ஸ் இருக்கேன். நான் பொய் சொல்றேனா இல்லையான்னு தெரிஞ்சுக்க நீங்க ஆட்டோல ஏறினா மதி, அது போதும். சாயங்காலம் வரைக்கும் வேண்டாம், இப்பவே வாங்கோ. வந்து ஒரு கொழந்தையோட கண்ணைப் பாருங்கோ. மஞ்சள் இல்லைன்னா என்னை சஸ்பெண்ட் பண்ணுங்கோ."

டாக்டர் முன்னாலிருந்த திட்டத்தை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பள்ளியில் முதல் மூன்று பிள்ளைகளைப் பார்த்ததுமே டாக்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. டாங்கை அடைத்தார்கள். குழாய்களைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பெற்றோருக்கு ஆள் போயிற்று. தண்ணீர் சோதனைக்குப் போயிற்று. கிளம்பும்போது டாக்டர் சொன்னாள்: "சிஸ்டர், மேலே அனுப்ப உடனே எனக்கு ரிப்போர்ட் வேணும். எப்போதிலிருந்து, எத்தனை பேர், எதனால். இதெல்லாம் யாருக்கு முன்னாலேயே தெரியும் என்பதும் வேணும். அதைக் கட்டாயம் கேட்பார்கள்."

சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பத்மப்ரியா லேப்டாப்பில் தட்டினாள். ஐப்பசி மாசத் துலாவர்ஷ மழை ஓட்டில் இரைந்துகொண்டிருந்தது. எல்லாம் எழுதி முடித்தாள். கடைசிக் கேள்வி வந்தது. யாருக்கு முன்னாலேயே தெரியும்?

மேடையில் அக்கா சொன்ன வார்த்தை இன்னும் காதில் சுட்டது. இருந்தும் அவள் எழுதியது இதுதான்: 'தமிழ்ப் பிள்ளைகள் சொன்ன ஒரு சொல்லை மலையாளத்தில் புரிந்துகொண்டதால் நேர்ந்த பிழை. தலைமையாசிரியை உட்பட யாருக்கும் இது முன்னரே தெரியாது.'

பழி வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. உண்மை அதுதான் என்று நம்பினாள்.

அனுப்பப் போகும் சமயத்தில் வாசலில் குடை மடக்கும் சத்தம். மஹேஷும் சீதாலக்ஷ்மியும். அக்கா அதே அரக்குப் பட்டில், ஓரமெல்லாம் நனைந்திருந்தது. உட்காரவில்லை.

"ரிப்போர்ட் அனுப்பிட்டியா?"

"இல்லை. இப்போதான் எழுதி முடிச்சேன்."

"அனுப்பாதே. தண்ணி சோதனை முடிவு வரட்டும். அதுவரைக்கும் இழுப்புன்னே இருக்கட்டும். நாகேஸ்வரன் சார் சொல்லிட்டார், மஹேஷோட வேலை உன் கையிலதான் இருக்குன்னு."

"ப்ரியா, ஒரு நாலு நாள்" என்றான் மஹேஷ்.

"நாலு நாள் கழிச்சு மஞ்சள் மறைஞ்சுடுமா? முடியாது. அக்கா, நீங்க மேடையில என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்கோ. ஆனா நான் உங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கேன்னு ஒரு தடவை கேளுங்கோ."

கடைசி வரியை வாசித்துக் காட்டினாள். 'யாருக்கும் முன்னரே தெரியாது.' அக்காவின் முகத்தில் ஒரு தெம்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அக்கா தரையைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து ஜானவி வந்தாள், கையில் பாதி தின்ற வாழைப்பழம்.

"அத்தை, டாங்க் அடைச்சுட்டாளே, இனி எல்லாரும் உங்க ரூம் கேன் வெள்ளமா குடிக்கும்?"

"எல்லாருமா?" என்றாள் பத்மப்ரியா. "இப்போ யார் குடிக்கறா?"

"நான் மாத்திரம்தான். ஓணப் பரீட்சை முதல். டாங்க் வெள்ளத்தைத் தொடப்படாது, யாரண்டையும் சொல்லவும் படாதுன்னு அத்தை சொன்னாளே." குழந்தை எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் எதாவது தப்பாப் பறஞ்சுட்டேனா?"

"நீ ஒண்ணும் தப்பாச் சொல்லலை. உள்ள போ."

ஓணப் பரீட்சை. ஆகஸ்டு மாதம். இப்போது பூஜை லீவும் முடிந்துவிட்டது. பத்மப்ரியா கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போட வேண்டிய அவசியமே இல்லை. தம்பி பெண்ணுக்குக் கேன் தண்ணீர், உலகம்மாள் பெண்ணுக்கு டாங்க் தண்ணீர். இத்தனை நாளும்.

"அக்கா."

"வலின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா ப்ரியா?" சீதாலக்ஷ்மியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சிஜி வலிவுன்னு எழுதிண்டு வந்தா. தப்புன்னு உடனே தெரிஞ்சுது. திருத்தலை. ஒரு வாரத்துல எல்லாம் சரியாக்கித் தரேன்னார் நாகேஸ்வரன் சார். ஒரு வாரம், இன்னொரு வாரம்னு போயிடுத்து."

"மேடையில என்னைப் பொய்க்காரியாக்கினது?"

"எனக்கு வேற வழி தெரியலை."

பத்மப்ரியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. ஆத்திரம்தான் முதலில் வந்து சேர்ந்தது. "கொழந்தைகள் நெஞ்சாங்குழியைப் பிடிச்சிண்டு உங்க ஆபீஸ் ரூம் வழியாத்தானே போனா? உங்களுக்குத் தமிழ் கேட்டுதே, அக்கா. கேட்டும் விட்டேளே."

சீதாலக்ஷ்மி நிமிர்ந்தாள். தோற்றுப்போனவள் மாதிரி இருந்தாலும் அவள் சீதாலக்ஷ்மி அல்லவா, கேள்வியைத் திருப்பிப் போடாமல் விடுவாளா?

"என்னைக் கேட்டாச்சு. டாங்க் வெள்ளத்துல கோளாறு இருக்குன்னு எனக்கு யார் வந்து சொன்னான்னு கேக்க மாட்டியா?"

அவள் பார்வை தம்பி மேல் போய் நின்றது.

மஹேஷ் நனைந்த குடையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். தரையெல்லாம் ஈரம். "ஷெட்டு செப்டிக் டாங்க் பொங்கி கிணத்துப் பக்கம் ஊறறதுன்னு சைட்லேர்ந்து ஆபீஸுக்குத் தகவல் வந்தது, ப்ரியா. நம்ம ஜானவி அங்கதானே படிக்கறான்னு அக்காகிட்ட ஓடினேன். வேற எதுவும் அப்போ தோணலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ ரிப்போர்ட் பண்ணிடுவே."

இந்தப் பதினாலு வருஷத்தில் அவன் அவளைப் பற்றிச் சொன்னதிலேயே மிகச் சரியான வாக்கியம் அது. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில், ஒரே பிள்ளையைப் பெற்ற இரண்டு பேர். அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாமல் இரண்டு மாதம். காலையில் காப்பியைத் தொடாமல் அவன் உட்கார்ந்திருந்தது எதற்கு என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கடைசி வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"என்ன பண்றே?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"யாருக்கு முன்னாலேயே தெரியும்னு கேட்டிருக்கா. எழுதறேன்."

"ப்ரியா, அவன் உன் புருஷன்."

"ஆமாம். மாரிச்செல்விக்கும் ஓர் அம்மா இருக்கா."

அக்காவின் பெயரைப் பதவியோடு சேர்த்து முழுசாகத் தட்டினாள். நாகேஸ்வரனின் பெயரையும் தட்டினாள். அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்கோ. வி. மஹேஷ்னு போடட்டுமா, இல்லை வெங்கடசுப்ரமணியன் மஹேஷ்னு முழுசா எழுதட்டுமா?"